மூன்றரை மாதத்தில் பார்த்திருக்க வேண்டும்

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தை மூன்றரை மாதத்தைத் தாண்டுவதற்குள் அரசு அதைப் பலமுறை பார்த்துவிடுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கு 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. அதன்பின் ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று மூன்று புதன்கிழமைகளில் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு வருகிறாள். எடை போடுகிறார்கள், அட்டையில் எழுதுகிறார்கள், தொடையில் ஊசி போட்டு, காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் குழந்தை கைகால்களை எப்படி அசைக்கிறது என்று மூன்று நிமிடம் நின்று பார்ப்பதற்கு மட்டும் இந்த வரிசையில் இடமில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையும் அந்த மூன்று புதன்கிழமைகளில் நம் கண் முன்னால் படுத்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புகிறது. நோயின் பெயரைத் தாய் முதன்முதலாகக் கேட்பது பெரும்பாலும் பிள்ளைக்கு ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆகும்போதுதான். அறியாமையால் நேர்வது என்று இதை இனியும் சொல்ல முடியாது. பார்க்க முடியும் என்று தெரிந்த பிறகும் பார்க்காமல் விடுவது அந்தக் குழந்தைக்கு நாம் இழைக்கும் அநீதி.

வளரும் மூளையில் ஏற்படும் சேதத்தால் உடலின் அசைவும் நிலையும் கட்டுக்குள் வராமல் போவதே மூளை முடக்குவாதம். லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் 1860களின் தொடக்கத்திலேயே கடினமான பிரசவத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை எழுதிவிட்டார். குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறியது, முற்றிவிட்ட மஞ்சள் காமாலை, தொற்று என்று காரணங்கள் பல. ஆனால் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குக் கர்ப்பமும் பிரசவமும் எந்தச் சிக்கலும் இல்லாமல்தான் போயிருக்கும். இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. மூளையில் விழுந்த சேதம் அதன்பின் வளர்வதில்லை. அதன் விளைவுதான் உடலில் வளர்கிறது: தசை இறுகுகிறது, மூட்டு மடங்கி நிற்கிறது, மூவரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகத் தொடங்குகிறது. இவற்றில் பெரும்பகுதி பிள்ளை பிறக்கும்போது இல்லாதது. காத்திருந்த மாதங்களில் சேர்ந்துகொள்வது.

எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்? ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் என்ற அறிஞர் கைக்குழந்தைகளின் அசைவுகளை ஆண்டுக்கணக்கில் படம்பிடித்துப் பார்த்தார். எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து ஒன்பதாவது வாரம் முதல் இருபதாவது வாரம் வரை, விழித்து அமைதியாக மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் கழுத்திலும் உடலிலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சின்னச் சின்னச் சுழல் அசைவுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். சேதமடைந்த மூளையுள்ள குழந்தையிடம் அந்த அசைவு இருக்காது. 130 குழந்தைகளைப் பின்தொடர்ந்து அவரும் சக ஆய்வாளர்களும் 1997இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டார்கள். இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. ரத்தம் எடுப்பதில்லை, மயக்க மருந்து இல்லை. மூன்று முதல் ஐந்து நிமிட வீடியோவும் அதைப் பார்க்கப் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் உருவான இன்னொரு பரிசோதனையில் 26 அம்சங்கள். தலை எப்படி நிற்கிறது, கை எப்படி விரிகிறது, காலை விரித்தால் எவ்வளவு இறுக்கம் என்று மருத்துவர் தன் கையாலேயே பார்த்து 78க்கு மதிப்பெண் போடுவார். அதற்கும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. 2017இல் அயோனா நோவாக் தலைமையில் பல நாட்டு வல்லுநர்கள் எல்லா ஆதாரங்களையும் ஒன்றுதிரட்டி, மூளை முடக்குவாதத்தையோ அதற்கான பெரும் ஆபத்தையோ ஆறு மாதத்துக்குள் உறுதியாகச் சொல்ல முடியும், காத்திருந்து பார்க்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள் என்று அறிவித்தார்கள். அசைவுப் பரிசோதனையை மூளை ஸ்கேனோடு சேர்த்தால் துல்லியம் 95 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இப்போது அந்தப் புதன்கிழமைகளை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பத்தாவது வார ஊசியும் பதினான்காவது வார ஊசியும் பிரெக்டல் சொன்ன அதே காலத்துக்குள் வருகின்றன. பார்க்க வேண்டிய வாரத்தில் பார்க்க வேண்டிய பிள்ளை தானாகவே நம்மிடம் வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசி வரை அதை ஊசிக்காக யாரும் கூப்பிடுவதில்லை. நடுவில் போகும் அந்த ஐந்தரை மாதங்களில்தான் தலை நிற்க வேண்டும், குப்புற விழ வேண்டும், கை நீட்டிப் பொருளைப் பிடிக்க வேண்டும், உட்கார வேண்டும். மூளை தன்னைத் தானே வேறு வழியில் கட்டிக்கொள்ளும் திறன் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் அவைதான்.

வீட்டில் இது முதலில் தெரிவது தாய்க்கு. இல்லையென்றால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ஆயாவுக்கு. "காலை விரிக்கவே விடமாட்டேங்குதே, குச்சி மாதிரி விறைக்குது" என்று குளிப்பாட்டும்போதே அவர் சொல்லியிருப்பார். நாலு மாதம் ஆகியும் கட்டை விரலை உள்ளே மடக்கிக் கையை இறுக மூடியே வைத்திருப்பது, தூக்கினால் தலை தொங்குவது, உடம்பை வில்லாக வளைப்பது, பால் குடிக்கும்போதெல்லாம் புரையேறுவது, ஒரு வயதாகும் முன்பே ஒரு கையை மட்டும் நீட்டுவது என்று பெரிய படிப்பு இல்லாமலே கண்ணில் படும் அடையாளங்கள் இவை. கடைசியாகச் சொன்னதைப் பார்த்துப் பல வீடுகளில், "பையன் இடது கைப் பழக்கம்" என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். பத்து மாதத்தில் எந்தப் பிள்ளைக்கும் கைப்பழக்கம் வருவதில்லை. அங்கே மறு கை இயங்கவில்லை.

தாய் கேட்கிறாள். அவளுக்குக் கிடைக்கும் பதில் நமக்கெல்லாம் தெரியும். "இவங்க அப்பனும் ரெண்டு வயசுலதான் நடந்தான்." "பெட்டியில வச்சிருந்த புள்ள, மெதுவாத்தான் வரும்." "போகப் போகச் சரியாயிடும்." இதைப் பாட்டி சொன்னால் அது ஆறுதல், பாட்டியை நாம் குறை சொல்ல மாட்டோம். மருத்துவப் படிப்பு படித்தவர், பிறந்தபோது மூச்சுத் திணறிய குழந்தையின் தாயிடம், கையால் தொட்டுப் பார்க்காமல் இதே வார்த்தையைச் சொன்னால் அது கடமை தவறுவது. மூன்று நிமிடம் செலவிட நேரமில்லை என்றால், நேரமிருக்கும் இடத்துக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பலாம். அதையும் செய்யாமல் நம்பிக்கை கொடுப்பது, அந்தத் தாயிடமிருந்து மாதங்களைப் பிடுங்கிக்கொள்வதாகும். அந்த மாதங்கள் திரும்ப வருவதில்லை.

நோயின் பெயர் தெரிந்த பிறகு நடப்பது இன்னும் கொடுமை. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், கிரகணத்தன்று வெளியே போனாளா, யார் விட்ட சாபம் என்று விசாரணை அவள்மேல் திரும்புகிறது. கணவன் மெல்ல ஒதுங்கிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. முதன்முதலில் சந்தேகப்பட்டவளும் அவளே, கேட்டவளும் அவளே, திருப்பி அனுப்பப்பட்டவளும் அவளே. கடைசியில் கவனிக்காமல் விட்டவள் என்ற பெயரும் அவளுக்கே. இதைச் சொல்லும் உரிமை உறவினர் எவருக்கும் இல்லை. கவனிக்காமல் விட்டது யார் என்று கேட்டால் விரல் நீள வேண்டிய திசை வேறு.

சட்டம் அந்தத் திசையைத் தெளிவாகவே காட்டுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்தது. அதன் 25ஆவது பிரிவு, அரசும் உள்ளாட்சிகளும் எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதித்து ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டறிய வேண்டும், ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்கு அதற்குப் பயிற்சி தர வேண்டும் என்று விதிக்கிறது. முடிந்தால் செய்யலாம் என்று அந்தப் பிரிவு பேசவில்லை. செய்தாக வேண்டும் என்கிறது. 2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவிக் குறைகளோடு வளர்ச்சித் தாமதமும் இருக்கிறது. நடமாடும் மருத்துவக் குழு இருக்கிறது. மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் இருக்கிறது. அந்தக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். மூன்று மாதக் குழந்தை அங்கன்வாடியில் இருப்பதில்லை, வீட்டில் தூளியில் இருக்கிறது. தாய்சேய் நல அட்டையில் எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்ட பக்கமே உண்டு. தடுப்பூசிக் கட்டத்தில் தேதி விடுபட்டால் செவிலியர் வீடு தேடி வருகிறார். படம் போட்ட பக்கம் வெறுமையாக இருந்தால் யார் வருகிறார்கள்? அரசு எதைக் கணக்கு கேட்கிறதோ அதுவே நடக்கும். இதைக் கேட்பதில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனும் இரண்டாம் புலிகேசியும் மோதிய களம் அது. 1780 செப்டம்பரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்ததும் அங்கேதான். அடுத்த ஆண்டுச் சண்டையில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய தூண்கள் இன்றும் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. அந்த மண்ணில் ஒரு குழந்தைக்கு மூளை முடக்குவாதம் இருந்திருந்தால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கென்று தனிக் கட்டம்கூட இருக்கவில்லை. இயக்கக் குறைபாடு என்றோ பல்வகைக் குறைபாடு என்றோ எங்கோ ஒன்றில் அதைச் சேர்த்திருப்பார்கள்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வேலைக்குப் போகிறவர்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். மற்றவர்கள் நெல் வயலுக்கும் தறிக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார்கள். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது அரசு மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டு மாவட்டத்தோடு போய்விட்டது. பிள்ளையைச் சந்தேகத்தோடு தூக்கிக்கொண்டு புறப்படும் தாய் காஞ்சிபுரம் தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்று ஏறி இறங்க வேண்டும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2021இல் அங்கே ஆரம்பநிலை இடையீட்டு மையமும் திறந்தார்கள். அது கடற்கரையில், மாவட்டத்தின் மறுமுனைக்கும் அப்பால். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவிதான். பிரச்சினை டிக்கெட்டில் இல்லை, நாளில் இருக்கிறது. பிசியோ சிகிச்சை என்பது வாரத்துக்குப் பல நாள், மாதக்கணக்கில். ஒவ்வொரு நாளும் ஒரு கூலி. மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் இல்லை. நாலாவது வாரம் அவள் நின்றுவிட்டால், "அக்கறையில்லாத தாய்" என்று பதிவேட்டில் எழுதுவது எளிது.

ஆறு வயதில் அரசு மறுபடி வருகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார், முகாமில் சக்கர நாற்காலி கிடைக்கும், அடையாள அட்டை கிடைக்கும், உதவித்தொகைக்கு மனுப் போடலாம். அந்தச் சிறப்பாசிரியர்களின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் ஆறு மாதத்தில் வர வேண்டிய கை ஆறு வயதில் வந்தால், அதற்குள் மடங்கிவிட்ட முழங்காலை அது நிமிர்த்த முடியாது.

கண்டுபிடித்து என்ன பயன், குணமாகாத நோய்தானே என்ற கேள்வி மருத்துவர்கள் நடுவிலும் உண்டு. குணமாகாது என்பது உண்மை. ஆனால் மருத்துவ வசதி நிறைந்த நாடுகளில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் மூவரில் இருவர் நடக்கிறார்கள், நால்வரில் மூவர் பேசுகிறார்கள், பாதிப் பேருக்கு அறிவுத்திறன் முழுமையாகவே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பாதித்த பிள்ளைக்கு முதல் ஆண்டிலேயே வலுவுள்ள கையைக் கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தி, மற்றக் கைக்கு விளையாட்டோடு வேலை கொடுத்தால் அது பழகிக்கொள்கிறது. தென் ஸ்வீடனில் 1994 முதல் மூளை முடக்குவாதம் உள்ள ஒவ்வொரு குழந்தையின் இடுப்பையும் ஒழுங்காக எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்து, உரிய நேரத்தில் சிகிச்சை கொடுத்தார்கள். இடுப்பு மூட்டு முற்றாக நழுவுவது அங்கே அரிதாகிவிட்டது. இடுப்பு நழுவிய பிள்ளைக்கு உட்கார்ந்தாலும் வலி, உடை மாற்றினாலும் வலி. அந்த வலியைத் தடுத்திருக்கலாம் என்பது ஒன்றே போதும், சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பதற்கு.

நம் நாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை மேலை நாடுகளில் பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பலன் இல்லை, குளிர்வித்த குழந்தைகளில் இறப்பு கூடியிருந்தது. பணக்கார நாட்டுக் குழந்தைக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு நம் குழந்தைக்கு இன்னும் இல்லை. அப்படியானால் சேதத்துக்குப் பின் வரும் மாதங்களை நாம் அவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டும். நடப்பது நேர் மாறாக இருக்கிறது.

தவறாகச் சந்தேகப்பட்டு ஒரு குடும்பத்தைக் கலங்கடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களின் தயக்கத்தை மதிக்கிறோம். கிராம சுகாதார செவிலியரை நோயின் பெயர் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவர் செய்ய வேண்டியது ஊசிக்கு முன்னால், பிள்ளை அழத் தொடங்குவதற்கு முன்னால், பாயில் படுக்க வைத்து மூன்று நிமிடம் போனில் படம் எடுத்து அனுப்புவது. பார்த்துச் சொல்வது மாவட்டத்தில் பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை. சந்தேகம் இருந்தால், "ஆபத்து அதிகம், இப்போதே பயிற்சி தொடங்குவோம்" என்று தாயிடம் சொல்லலாம். பின்னால் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொஞ்சம் விளையாட்டுதான் கிடைத்திருக்கும். குறைமாதப் பிள்ளைக்குக் கணக்கு மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. முப்பத்திரண்டாவது வாரத்தில் பிறந்த குழந்தைக்குப் பதினான்காவது வார ஊசியன்று, எதிர்பார்த்த பிரசவத் தேதிப்படி வயது ஆறு வாரம்தான். அதற்கு ஐந்தாம் மாதத்தில் இன்னொரு நாள் ஒதுக்க வேண்டும்.

சிகிச்சை கொடுக்க ஆள் இல்லாமல் கண்டுபிடிப்பது மட்டும் கொடுமை என்பதும் சரியே. இதற்கு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், இளவயதில் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றி வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் கையிலுள்ள செயலியில் பிள்ளையின் முன்னேற்றம் பதிவாகிறது; தொலைவில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து வழி சொல்கிறார். பயிற்சியின் பெரும்பங்கைத் தாயே கற்றுக்கொண்டு, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்கிறாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ நிபுணர் ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார். பக்கவாதம் வந்த தாத்தாவைப் பார்க்க வரும் அவர், அடுத்த தெருக் கைக்குழந்தையையும் பார்க்க ஓர் உத்தரவு போதும். பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அன்றே அந்தப் பகுதிச் செவிலியரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. கர்ப்பிணிக்கு ஏற்கெனவே கொடுத்த பதிவு எண் போதும்.

சட்டம் உள்ளாட்சியையும் பொறுப்பாக்கியிருக்கிறது என்றோம். இதை அதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் அங்கே கல்லில் வெட்டிய விதி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி தேர்தல் குடத்தில் விழக் கூடாது என்றது. அவருடைய உறவினருக்கும் அதே தடை. ஏரிக்கும் தோட்டத்துக்கும் கேட்ட கணக்கை இன்று கைக்குழந்தைக்குக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்து கூடும்போது புள்ளலூரிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் நான்கு எண்கள் படிக்கப்பட வேண்டும்: கடந்த ஓராண்டில் பிறந்த குழந்தைகள் எத்தனை, அவற்றில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தவை எத்தனை, ஐந்து மாதத்துக்குள் அசைவு பார்க்கப்பட்டவை எத்தனை, பயிற்சி தொடங்கியவை எத்தனை. பிள்ளையின் பெயரோ வீட்டின் அடையாளமோ சபையில் வேண்டாம். அந்த எண்களோடு வரும்படி வட்டார மருத்துவ அலுவலருக்கு ஊராட்சித் தலைவர் இந்த வாரமே கடிதம் எழுதலாம்.